ஒன்பதாவது நோட்டு

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஆறரை. எட்டுக் கிணறு பார்த்து முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அதில் மாற்றமில்லை, நூற்றுப் பதினேழு புதன்கிழமையாக நடந்த நடை. ஒன்பதாவது கிணற்றுக்கு எனக்கு ஆகிற நேரம் அரை நிமிஷம். அதை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடுவேன். பையில் ஒன்பது நோட்டு இருக்கிறது, ஒரு கிணற்றுக்கு ஒன்று. டேப்பு இருக்கிறது, அதன் நுனியில் பித்தளைக் குண்டு. பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது, தண்ணீரில் நனைத்தால் உப்பு எவ்வளவு என்று நம்பர் காட்டும். எல்லாம் பத்து மணிக்கு வரப்போகிற டீச்சரம்மா கொடுத்தது. அவள் பெயர் பெனாசிர், பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவள். டீச்சர் இல்லை ஐயா, ஆராய்ச்சி செய்கிறேன் என்று இரண்டு தடவை திருத்திப் பார்த்தாள், எனக்கு டீச்சரம்மா என்றுதான் வாயில் வருகிறது, அவளும் விட்டுவிட்டாள். கடலோரத்து ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் எப்படி உப்பாகிறது, எத்தனை பேர் ஊரை விட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள், இரண்டுக்கும் என்ன சம்பந்தம், இதுதான் ஆராய்ச்சி. வேறு தேசங்களிலும் நாலு ஊரில் இதே வேலை நடக்கிறதாம். அங்கேயும் என்னை மாதிரி ஒருவன் பையை மாட்டிக்கொண்டு கிணறு கிணறாக நடக்கிறானாம். அவனுக்குத் தம்பி உண்டா என்று கேட்க வந்தது, கேட்கவில்லை.

முதல் கிணறு கோயில் கிணறு. குண்டை இறக்கினால் தொப்பென்று சத்தம் வரும், அந்த இடத்தில் டேப்பைப் பிடித்துப் பார்த்து எழுத வேண்டும். மூன்று மீட்டர் பத்து. உப்பு ஒன்று புள்ளி எட்டு. எழுதியாயிற்று. நேற்றுச் சாயங்காலம் போனில் அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸில் கூட்டம், கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார்கள், நம் ஊரில் உப்பு கடல் பக்கத்திலிருந்து ஏறவில்லை, இறால் குட்டைப் பக்கத்திலிருந்து பரவுகிறது என்று காட்டப் போகிறேன், அதைக் காட்டுவதே உங்கள் ஒன்பதாவது கிணறுதான் ஐயா என்றாள். உங்கள் ஒன்பதாவது கிணறு. அது என் கிணறு இல்லை. என் தம்பி தெட்சணாமூர்த்தியின் கிணறு, குட்டையும் அவன் நிலத்தில்தான் இருக்கிறது. நாளை பத்து மணிக்கு நானே வந்து அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும், நீங்களும் கூட இருங்கள் என்றாள். சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது. அந்தக் கிணற்றை நான் ஒருநாளும் அளந்ததில்லை. நோட்டில் இருக்கிற நூற்றுப் பதினேழு வரியும் நான் இட்டுக்கட்டியது. அவன் நிலத்தில் நான் கால் வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

இரண்டாவது கிணறு பூட்டிய வீடு. மூன்று பிள்ளைகளும் சிங்கப்பூரில், பெரியவர் செத்த பிறகு கேட்டில் போட்ட பூட்டு துருப்பிடித்துச் சாவி நுழையாது, நான் பின்பக்கத்து வேலியைத் தூக்கிவிட்டு நுழைவேன். மூன்றாவது வீட்டுக்காரர்கள் திருப்பூர். நாலாவது வீட்டில் ஒரு கிழவர் மட்டும், கண் தெரியாது, காலடிச் சத்தத்தில் யாரென்று சொல்வார், இன்னிக்கு ஏன் நடை இழுக்குது என்றார். செருப்பு கடிக்கிறது என்றேன். ஆரம்பத்தில் டீச்சரம்மா வீடு வீடாக வந்து கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டாள். உங்கள் மகன் எதற்காக வெளிநாடு போனார். வேலை, கடன், படிப்பு, சுற்றுச்சூழல், பிற. ஐந்தையும் வாசித்துக் காட்டினாள். நான் தெட்சணாமூர்த்தி என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிற என்கிற கட்டத்தில் டிக் போட்டாள். அது எனக்கு ஆறவே இல்லை. என் மகன் பாலகுரு போன காரணம் பிற இல்லை. அதற்குப் பேர் இருக்கிறது, அப்பன் பேர் இருக்கிறது, சர்வே நம்பர் இருக்கிறது. அடுத்த மாதம் கிணறு அளக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். நாலாங்கிளாஸ்தான் படித்தேன், நம்பர் எழுதத் தெரியும் என்றேன். அது போதும் ஐயா என்றாள். லிஸ்ட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் ஒன்பதாவது பேரைப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பாள்.

அவள் ஒரு விதி சொல்லியிருக்கிறாள். தப்பாக எழுதினால் ரப்பர் வைத்து அழிக்கக்கூடாது, கிறுக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. ஒரே ஒரு கோடு, உள்ளே இருக்கிற நம்பர் தெரிகிற மாதிரி. பக்கத்தில் காரணம். அதற்குப் பக்கத்தில் அளந்தவர் கையெழுத்தும் கிணற்றுக்காரர் கையெழுத்தும். தப்பும் ஒரு தகவல்தான் ஐயா என்றாள். படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், தப்பு பண்ணினால் அவர்களுக்கு அதிலும் ஏதோ கிடைக்கும். எங்களுக்கெல்லாம் தப்பு என்றால் தப்புதான். ஐந்தாவது கிணறு. இரண்டு மீட்டர் எண்பது. உப்பு இரண்டு புள்ளி ஆறு. இதெல்லாம் சத்தியமான நம்பர். எட்டு நோட்டில் ஒரு புள்ளி கூடப் பொய் கிடையாது, மழையில் நனைந்துகொண்டு அளந்திருக்கிறேன், காய்ச்சலோடு அளந்திருக்கிறேன். அதை யார் கேட்கப் போகிறார்கள். ஒன்று பொய் என்றால் ஒன்பதும் பொய் என்பார்கள். ஊர் நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்டால் என்ன சொல்வேன். சூடம் அடித்தேன் என்பேனா. மாரியம்மன் கோயிலில் பஞ்சாயத்து நடந்த அன்றைக்கு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி இவன் மண்ணில் என் கால் படாது, இவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். கையில் வடு இருக்கிறது, இப்போது ரேகையோடு சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு அவன் சொன்னது ஒரே வார்த்தைதான், கடல் ஏறி வருது, அதுக்கு நான் என்ன பண்ண. நிலத்தைக் குட்டை போட ஏதோ கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது அவன், குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டவர்கள் அவன் ஆட்கள், என் வயலில் நடவு முடிந்து பன்னிரண்டாம் நாள் பயிர் நுனி கருகி நின்றது, ஒரு வாரத்தில் பழுப்பாகி மடிந்தது, இவன் கடலைக் கை காட்டுகிறான். கடல் இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. பஞ்சாயத்தில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம், சுனாமிக்குப் பிறகு எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றார்கள். மஸ்கட்டில் இருந்து வந்தவன் பேச்சு எடுபடும். அந்த மஸ்கட்டே எனக்கு வந்தது. விசா என் பேரில் பேசியது, என் போட்டோவை வைத்துப் பேசியது, நாகப்பட்டினத்தில் ஸ்டூடியோக்காரன் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ. பாஸ்போர்ட் கூட வந்துவிட்டது. அப்புறம் அப்பா, அங்கே போனால் பாரம் எழுத வேண்டும், இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேச வேண்டும், படித்தவன் போகட்டும் என்றார். அவன் பத்தாவது. நான் நாலாவது. ஆறு கிளாஸ் வித்தியாசத்தில் அவன் ஏரோப்ளேன் ஏறினான், நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். என் பாஸ்போர்ட்டில் ஒரு சீல் விழவில்லை, இன்னும் டிரங்குப் பெட்டியில் புதுசாக இருக்கிறது. என் மகன் பாஸ்போர்ட்டில் இடமில்லாமல் சீல் இருக்கிறது. கத்தாரில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற கம்பெனியில் குழாய் வேலை. இங்கே குடிதண்ணீர் கடல் தண்ணீர் ஆனதால் போனவன். இதை அவனிடம் போனில் சொன்னபோது சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு, ஏழு முடிந்தது. மணி ஏழே முக்கால். பால் சொசைட்டியில் கலியபெருமாள் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மாதக் கடைசியில் ஒவ்வொரு நோட்டிலும் கிணற்றுக்காரர் கையெழுத்து வேண்டும், ஒன்பதாவது நோட்டு இவன் கையில்தான் போகும், தெட்சணாமூர்த்தி பால் ஊற்ற வரும்போது கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவான், மறுநாள் நான் வாங்கிக்கொள்வேன். எனக்கும் அவனுக்கும் போக்குவரத்து இல்லை என்பது ஊருக்கே தெரியும், அதனால் என் காதுபட அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை, அவன் மகளுக்குக் கல்யாணம் ஆனதே எனக்குப் பந்தல் கழி போன வண்டியைப் பார்த்துத்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் கலியபெருமாள், அண்ணே, அந்தக் கெணறு இருக்கே என்று ஆரம்பித்தான். நான் உன் வேலையைப் பார்டா என்றேன். அத்தோடு சரி. முதல் மாதம் என் கிணற்று நம்பரையே ஒன்றிரண்டு கூட்டிப் போட்டேன், பக்கத்து நிலம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று. கையெழுத்தாகி வந்தது. வந்ததும் எனக்குத் தைரியம். குட்டைக்குப் பக்கத்துக் கிணறு என் கிணற்றைவிட உப்பாக இருந்துதானே ஆக வேண்டும். நாலு என்றேன். ஐந்து என்றேன். சில வாரம் கொஞ்சம் ஏறும், சில வாரம் நிறைய ஏறும், அந்தந்த வாரத்து மனசு எப்படியோ அப்படி. ஏழு, எட்டு. டீச்சரம்மா மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து தாளை எல்லாம் போட்டோ எடுப்பாள், சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு கிணற்றைத் தானே அளந்து சரிபார்ப்பாள், ஒன்பது அவள் கையில் விழவே இல்லை. விழுந்திருந்தால் முதல் வருஷமே முடிந்திருக்கும். இத்தனை நாள் விழாமல் போனது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

எட்டாவது என் கிணறு. இரண்டு மீட்டர் நாற்பது, உப்பு மூன்று புள்ளி மூன்று. ருக்குமணி துணி காயப்போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். இன்னிக்கு ஒம்பதாவது கெணறு எத்தனையாம் என்று கேட்டாள். முப்பத்தாறு வருஷமாகக் கூடவே இருக்கிறவள், தெரியாமல் இருக்குமா. டேப்பைச் சுற்றிப் பையில் போட்டேன். உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாம். படுத்தால் அவள் தானே போவாள், வழி கேட்டால் ஊரில் காட்டுவார்கள், மீட்டரை முக்கினால் தெரிந்துவிடும். ஒருவேளை எட்டு என்றே காட்டுமோ. காட்டினால் நான் பொய்யனே இல்லை, பார்க்காமலே சரியாகச் சொன்னவன். மூன்று என்று காட்டினால். அப்போது குட்டையும் இல்லை, தம்பியும் இல்லை, கடல்தான், பஞ்சாயத்தில் அவன் சொன்னதுதான் சரி, பத்தொன்பது வருஷமும் நான் கடலோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த நினைப்பு வந்ததும் வரப்பில் அப்படியே நின்றேன். அவள் வந்து பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. அவன் வேலியில் மூங்கில் படல் சும்மா சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன். எதற்காகக் கழற்றினேன் என்று தெரியவில்லை. சத்தியம் செருப்புக்கா காலுக்கா.

மண் அதே மண்தான். கொல்லைப் பக்கம், பழைய வீட்டுக்குப் பின்னால், பூவரச மரத்துக்கு வலது கையில் கிணறு. சின்ன வயதில் இரண்டு பேரும் குதித்த கிணறு, எனக்கு அடையாளம் தேவையில்லை. மரம் இருந்தது. பழைய வீடு இல்லை. மரத்துக்கு வலது கையில் கத்தரிச் செடி பாத்தி கட்டி நின்றது, காய் விட்டிருந்தது. நான் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தரிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் மாறிவிட்டோமோ என்று மரத்தைச் சுற்றி வந்தேன். தெட்சணாமூர்த்தியின் பெண்சாதி கோசலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாங்க மாமா என்றாள், நேற்றும் வந்து போனவனைக் கூப்பிடுகிற மாதிரி. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவன் பாதி முகத்தில் சோப்பும் கையில் ரேசருமாக வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு அவன் மீசை கறுப்பாகத்தான் மனசில் இருந்தது.

"எப்ப?" என்றேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"நீ அளக்க ஆரம்பிச்ச நாலாம் மாசம்" என்றான். "மழையில ஒரு பக்கம் சரிஞ்சு கன்னுக்குட்டி விழுந்துடுச்சு. பழைய வீட்ட இடிச்ச மண்ணக் கொட்டி மூடிட்டோம்."

"மாசாமாசம் கையெழுத்துப் போட்டியே. படிக்காமயா போட்ட?"

"படிச்சுட்டுத்தான் போட்டேன். நான் பத்தாவது."

அந்தப் பழைய திமிர். ரேசரை வாங்கி வீசலாம் போல் வந்தது. கோசலை நடுவில் வந்து, தான் எத்தனையோ தடவை சொன்னதாகவும், அந்தப் பொண்ணுகிட்டப் போய் கெணறு தூந்துபோச்சுன்னு சொல்லிட்டு வாங்க என்று நச்சரித்ததாகவும், சொன்னால் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திடுவாங்க என்று இவர் அடக்கிவிட்டதாகவும் சொன்னாள். மாடு வாளியை முட்டிக்கொண்டிருந்தது. உப்பைக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கிறேன், உன் குட்டையை மூட வைக்கத்தான் எழுதினேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் சோப்பை வழித்துத் தரையில் உதறினான்.

"தெரியும். எழுதட்டும்னு விட்டேன்."

இது என்ன பேச்சு. ஒத்துக்கொள்கிறானா, என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்து விட்டானா. எழுதட்டும் என்று விட்டேன். அப்பா படித்தவன் போகட்டும் என்று சொன்னபோது இவன் அண்ணன் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது சொல்லாததை இப்போது கையெழுத்தாகப் போட்டானா. எனக்கு விளங்கவில்லை. நான் பத்து மணிக் கதையைச் சொன்னேன், டீச்சரம்மா வருகிறாள், லேபுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று. குட்டை ஓரத்துல ஒரு போர் பைப்பு இருக்கு, அதுல ஒரு பாட்டில் பிடிச்சுக் குடுத்துடு, நீ எழுதினதுக்குக் கொறையாமத்தான் இருக்கும் என்றான். மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான். கொறையாமத்தான் இருக்கும். கடல் ஏறி வருது என்று சொன்ன அதே வாய். இதைக் கேட்கத்தான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன், ஊர் கூடியிருக்கும்போது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன், அவன் பாதி சவரத்தில், மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லிவிட்டான். அந்தப் பாட்டிலைக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை நான் ஜெயித்துவிடுவேன். அவன் கொடுத்து நான் ஜெயிப்பேன். சாகிற வரைக்கும் அது அவன் எனக்குப் போட்ட பிச்சையாக இருக்கும். வேண்டாம்.

"போர்த் தண்ணிய அவகிட்ட நீயே காட்டு" என்றேன். "அது அதுபாட்டுக்கு இருக்கட்டும். நோட்டுல நான் எழுதினத அடிக்கணும். ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அது விதி."

போரைக் காட்டுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எத்தனை வரி?" என்றான்.

"நூத்திப் பதினேழு."

அவன் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியோடு வந்தான். ஒரு கன்னம் மழித்தபடி, ஒரு கன்னம் மழிக்காதபடி. துணி துவைக்கிற கல்லில் நான் உட்கார்ந்தேன், அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், நோட்டு நடுவில். மணி எட்டே முக்கால். முதல் பதினைந்து வாரத்துக்குக் காரணம் அளக்கவில்லை. பதினாறிலிருந்து கிணறு இல்லை. நான் கோடு போட்டுக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவேன், அவன் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பான். கோசலை ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். தொடவில்லை. பத்து வரி, இருபது வரி. அவன் கையெழுத்து இங்கிலீஷில், என்னுடையது ஒவ்வொரு எழுத்தாக. என் கை மெதுவாகப் போவதால் அவனுக்கு ஏழு எட்டு வரி பிந்துகிறேன் என்று நினைத்தேன், பிறகுதான் உறைத்தது, இருப்பது ஒரே நோட்டு, யாரும் பிந்த முடியாது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவள் என்ன காட்டுவாள். ஒன்றும் காட்டமாட்டாள். என்னை ஒன்றும் சொல்லவும் மாட்டாள், நோட்டை வாங்கிப் பார்ப்பாள், போட்டோ எடுப்பாள், அதுதான் கஷ்டம். பிற என்கிற கட்டத்தில் என் மகன் அப்படியே இருப்பான். முப்பத்து நாலாவது வாரத்தில் அவன் பேனாவை வாங்காமல் விரலை அந்த நம்பரில் வைத்தான்.

"இதுக்கு முந்துன வாரம் அஞ்சு. இந்த வாரம் எட்டு. ஒரு வாரத்துல அப்படி ஏறாதே. என்ன கணக்கு இது?"

தேதியைப் பார்த்தேன். யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

"அந்த வாரம் பாலகுரு போன் பண்ணல" என்றேன்.

அவன் விரலை எடுத்தான். மூன்று வரி தள்ளி இன்னொரு எட்டு இருந்தது, அதையும் பார்த்தான். நான் கோடு போட்டேன், உள்ளே இருக்கிற நம்பர் தெரிகிற மாதிரி. காரணம் என்கிற இடத்தில் கிணறு இல்லை என்று எழுதினேன். அவன் கையை நீட்டினான், பேனாவைக் கொடுத்தேன். மணி ஒன்பது ஐந்து. இன்னும் எண்பத்து மூன்று.